தெருமரத்தடித் தோட்டத்தில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சென்னைத் தெருக்களில் புங்கன், வேம்பு, பூவரசு, தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை என எந்த மரமாக இருந்தாலும் அதைச் சுற்றி ஐந்தடிக்கு ஐந்தடி மண் கிடைப்பதே பெரிய காரியம். அந்த இடத்தில் பத்துச் செடி வைக்கலாம். ஆனால் அது தொட்டி மண்ணும் இல்லை, கொல்லை மண்ணும் இல்லை. ஏற்கெனவே ஒரு மரம் வேர்விட்டிருக்கும் இடம். மேலே வண்டி ஏறி இறங்கியிருக்கும், கீழே கட்டட இடிபாடு கிடக்கும், நடுவில் கேபிள் ஓடும். அதனால் வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்தும் மருந்து இங்கே பல நேரம் தீங்காக முடியும். செடி வாடியிருந்தாலும் சரி, பழுத்திருந்தாலும் சரி, முதலில் மரத்தின் அடியைப் பாருங்கள். அடுத்து மண்ணைப் பாருங்கள். செடியைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் ஐந்தடிக்கு ஐந்தடி இடத்துக்கு. அடிமரம் போக ஏறக்குறைய 2 சதுர மீட்டர் மண் மிஞ்சும். அதில் ஓர் அங்குலத்துக்கு மக்கிய உரம் பரப்ப 50 லிட்டர் வேண்டும். காலி சிமென்ட் சாக்கில் அள்ளினால் ஒன்றரைச் சாக்கு. ஒரு முறை முழுதாக நனைக்க ஒரு தண்ணீர் கேன், அதாவது 20 லிட்டர். அது 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கருவி என்று பார்த்தால் களைக்கொத்து, கொத்தனார் கரணை, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஆறங்குல ஸ்க்ரூடிரைவர் போதும். கடப்பாரையும் மண்வெட்டியும் வேண்டாம். மரத்தின் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஓரடிக்குள்தான் இருக்கிறது. மின் கேபிளும் எதிர்பாராத ஆழத்தில் கிடக்கும்.

மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறது, அடிமண் விரிந்திருக்கிறது

இதைப் பார்த்தால் தோட்ட வேலையை அப்படியே நிறுத்துங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் பிறைபோல் வெடித்திருப்பது, காற்றடிக்கும்போது அந்த வெடிப்பு திறந்து மூடுவது, நடைபாதைக் கல் திடீரென்று தூக்கிக்கொள்வது, அடிமரத்தில் தட்டுப்போன்ற கடினக் காளான் முளைப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வேர் விட்டுக்கொடுக்கிறது அல்லது உள்ளே அழுகுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டிகளை அப்புறப்படுத்தி, மாநகராட்சியின் 1913 எண்ணில் உடனே புகார் பதியுங்கள். கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. ஒரு பக்கம் வடிகால் பள்ளத்துக்காக வேரை வெட்டி, மறுபக்கம் சிமென்ட் போட்டு மூடிய மரத்துக்கு, அப்படியொரு காற்றில் பிடித்து நிற்க என்ன இருக்கும்?

பல வருடமாகவே சாய்ந்து வளர்ந்து, அடியில் மண் கெட்டியாக இருக்கும் மரம் வேறு வகை. வெளிச்சத்தைத் தேடி வளைந்த மரம் அது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

தோட்டம் போட்ட சில மாதங்களில் மரத்தின் இலை சிறுத்து, உச்சிக் கிளை மொட்டையாகிறது

காரணம் அநேகமாக நம் கை வேலைதான். செடி வைக்கிறோம் என்று ஒரு வண்டி செம்மண்ணைக் கொட்டி, அடிமரத்தைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு அணைத்து, செங்கல் கட்டி, அதற்கு நீலமும் மஞ்சளுமாகப் பெயின்டும் அடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கீழே உள்ள வேருக்குக் காற்று போகாது. புதைந்த பட்டை எந்நேரமும் ஈரமாகவே இருந்து அழுகும்.

மரம் மண்ணைத் தொடும் இடத்தை உட்கார்ந்து கவனியுங்கள். ஆரோக்கியமான மரம் அடியில் யானைக்கால்போல் விரிந்து, வேர்கள் பிரியும் இடம் வெளியே தெரியும். தூண் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் அது புதைந்திருக்கிறது என்று அர்த்தம். கரணையால், வேண்டாம், கையாலேயே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, விரிவு தெரியும்வரை இறங்குங்கள். இருட்டு நிறத்தில் ஈரமான பட்டை வெளிப்படும். அதைச் சுரண்டாமல் காற்றாட விடுங்கள். அந்த இடத்தில் மெல்லிய வேர்கள் புதிதாக முளைத்து அடிமரத்தையே சுற்றிக்கொண்டிருந்தால், பென்சில் தடிமனுக்கு உட்பட்டவற்றை மட்டும் கத்தரிக்கலாம். கட்டை விரலுக்கு மேல் தடித்த எந்த வேரையும் தொடக்கூடாது. அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஓரடிக்குச் செடியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், மூடாக்கும் (மண்மேல் பரப்பும் சருகும்) வேண்டாம்.

ஏற்கெனவே கட்டிய செங்கல் வரம்பை எடுத்துவிடுவதே நல்லது. அஸ்திவாரம் தோண்டிக் கட்டிய வரம்பு என்றால் தோண்டும்போதே வேர் போயிருக்கும். வரம்பு வேண்டுமென்றால் தரைமேல் கல்லை வரிசையாக வைத்தால் போதும். அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் இருந்தால் நீங்களே உடைக்காதீர்கள், மாநகராட்சிப் பூங்காத் துறை வழியாகக் கேளுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டில்லி மரங்களுக்காகப் பிறப்பித்த உத்தரவு இருக்கிறது. அந்த அளவை மனுவில் எடுத்துக்காட்டலாம். மரக்கூண்டின் இரும்புக் கம்பி பட்டைக்குள் ஏறத் தொடங்கியிருந்தால் அதையும் அதே மனுவில் எழுதுங்கள். கூண்டைத் தாண்டி வளர்ந்த மரத்துக்குக் கூண்டு ஒரு சுருக்குக் கயிறு.

ஒரு எச்சரிக்கை. மாசி, பங்குனியில் புங்கனும் வேம்பும் இலை பழுத்து உதிர்ந்தால் அது நோய் இல்லை, பருவம். சில வாரத்தில் தளிர்த்துவிடும். அந்த நேரத்தில் பயந்துபோய் உரத்தைக் கொட்ட வேண்டாம். புங்க இலையில் விரல் விரலாகக் கொப்புளம் எழும்பியிருப்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் செய்யும் வேலை. மரத்துக்கு அதனால் பெரிய கேடில்லை, மருந்தடிக்கத் தேவையில்லை.

ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ரோட்டுக்கு ஓடுகிறது

மண் இறுகியிருக்கிறது. முந்தின நாள் தண்ணீர் ஊற்றிய மண்ணில் ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆறங்குலமும் எளிதாக இறங்கினால் நல்லது. இரண்டு அங்குலத்தில் நின்றால் இறுக்கம். ‘டக்’கென்று சத்தம் வந்து நின்றால் அடியில் செங்கல் ஜல்லி.

எவ்வளவு இறுக்கம் என்று அறிய இன்னொரு சோதனை உண்டு. இரண்டு பக்கமும் திறந்த ஒரு டின்னை மண்ணில் ஓர் அங்குலம் அழுத்தி, அதில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் முறை வடிந்ததும் இரண்டாம் முறை ஊற்றி, அதற்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வடிந்தால் செடி வைக்கலாம். இரண்டு மூன்று மணி நேரமாகியும் நின்றால் இப்போது செடி வாங்காதீர்கள், அந்தக் காசுக்கு மக்கிய உரம் வாங்குங்கள்.

கொத்தி விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆழமாகக் கொத்தினால் வேர்தான் போகும். மேலே இரண்டு அங்குலத்தை மட்டும் களைக்கொத்தால் கிளறி, கல், டைல்ஸ் துண்டு, பாலிதீன் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, ஓர் அங்குலத்துக்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ பரப்புங்கள். அதன்மேல் அந்த மரத்தின் சருகையே இரண்டு அங்குலத்துக்கு, மூன்று சாக்கு அளவு, பரப்புங்கள். வாரம் ஒரு முறை ஒரு கேன் தண்ணீரை அரை மணி நேரமாக, பூவாளியில், விட்டு விட்டு ஊற்றுங்கள். குடத்தோடு கவிழ்த்தால் உரம் ரோட்டுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் சருகுக்கு அடியில் மண்புழுவின் குருணை தெரியத் தொடங்கும். மண்ணைத் துளைக்கும் வேலையை வேரைக் காயப்படுத்தாமல் செய்வது அது ஒன்றுதான். அதற்குள் யாரும் மிதிக்காமலும் வண்டி ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈர மண்ணில் ஒரே ஒரு முறை ஸ்கூட்டர் ஏறினாலும் பல வார வேலை வீண்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரத்தில் கதை வேறு. அங்கே மணல். தண்ணீர் உடனே இறங்கிவிடும், ஆனால் தங்காது. மருந்து அதேதான், உரமும் சருகும். தண்ணீரை மட்டும் பாதிப் பாதியாக அடிக்கடி ஊற்ற வேண்டும்.

மழை நின்று ஒரு நாள் ஆகியும் தண்ணீர் தேங்கி நிற்கிறது

களிமண் பகுதியில் இது சகஜம். பலர் மண் கொட்டி மேடாக்குவார்கள். அது முன்பு சொன்ன புதைக்கும் தப்பில் போய் முடியும். வரம்பில் இரண்டு இடத்தில் கல்லை விலக்கி வழி விடுங்கள். அதுவே பெரும்பாலும் போதும். வேம்பு நீர்த்தேக்கம் தாங்காது, புங்கனும் பூவரசும் ஓரளவு தாங்கும். மூன்று நாளுக்கு மேல் தேங்கும் இடத்தில் செடியைவிட வடிகால்தான் பிரச்சினை. தெரு மட்டத்தைவிடக் குழி தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, பிளாஸ்டிக் கப் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து வெளிவர ஏழெட்டு நாள் போதும்.

நட்ட செடி ஒரு வாரத்தில் சாகிறது

மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது நட்டீர்கள்? கத்திரி வெயிலில் நட்டிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தெருவுக்கும் பொருந்தும். ஆடி, ஆவணியில் மாலை மழை தொடங்கியதும் நட்டால், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

எவ்வளவு பெரிய செடி? பெரிய தொட்டிச் செடிக்குப் பெரிய குழி வேண்டும். பெரிய குழி என்றால் மரவேர் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் மரம் கற்றையாகப் புது வேர் விட்டு, நீங்கள் போட்ட நல்ல மண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும். நர்சரியில் நாலங்குலக் கவர் செடியாகக் கேட்டு வாங்குங்கள். குழி நாலங்குல அகலம், நாலங்குல ஆழம். தோண்டும்போது வேர் தட்டுப்பட்டால் மூடிவிட்டு ஒரு சாண் தள்ளித் தோண்டுங்கள். பத்துச் செடிக்குப் பத்துக் குழி என்று கணக்குப் போடாமல், மரவேர் தட்டுப்படாத இடத்தில் நடுவதுதான் இங்கே கணக்கு.

கவரைக் கிழித்ததும் அந்த மண் உருண்டையைப் பாருங்கள். நர்சரிக்காரர்கள் கெட்டிச் செம்மண்ணில் நட்டிருப்பார்கள். அது காய்ந்துவிட்டால் செங்கல்போல் ஆகும். சுற்றிலும் மண் ஈரமாக இருந்தும் உள்ளே தண்ணீர் போகாது, செடி ஈரத்துக்கு நடுவில் நின்று வாடும். நடுவதற்கு முன் வாளித் தண்ணீரில் உருண்டையை மூழ்கவைத்து, குமிழி அடங்கும்வரை, பத்து நிமிடம் போல, விடுங்கள். ஓரத்தில் சுற்றிய வேரை விரலால் மெல்லப் பிரித்துவிட்டு நடுங்கள். முதல் மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் செடிக்கு அரை லிட்டர், அதன் அடியிலேயே. பிறகு வாரம் இரண்டு முறை, மொத்தமாக ஒரு கேன்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. மக்காத மரத்தூளையோ பச்சைத் தேங்காய் நாரையோ மண்ணோடு கலந்திருந்தால் இது நிச்சயம் வரும். அது மக்குவதற்காக மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்கிறது. மக்காததை மேலே மட்டும் போட வேண்டும், மண்ணில் கலக்கக் கூடாது. செடி ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வைத்தால் தேறும்.

நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. பக்கத்தில் வீடு கட்டியிருந்தால் சிமென்ட் கலவை கழுவிய தண்ணீர் அங்கே ஊறியிருக்கும். ஒரு ஸ்பூன் காய்ந்த மண்ணில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. கடலோர மணலில் கிளிஞ்சல் தூளும் பொங்கும், ஆனால் இலை சொல்வது ஒன்றே. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும், பலன் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. சுவரிலும் நடைபாதையிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள். நீண்ட நாளைக்கு வழி, சிமென்ட் கட்டிகளைப் பொறுக்குவதும் வருடம் இரண்டு முறை மக்கிய உரம் போடுவதும்தான்.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

உப்பு. மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே இல்லை. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று, ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர். வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுவார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தாராளமாக ஊற்றலாம். ஏறிய உப்பை இறக்க, நல்ல தண்ணீர் மூன்று கேன் ஒரே மாலையில் மெதுவாக விடுங்கள். வடியாத மண்ணில் இது வேலை செய்யாது, முதலில் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ரோட்டோரச் செடி மட்டும் திட்டாகக் காய்கிறது

நாய் சிறுநீர் பட்ட இடத்தில் நடு காய்ந்து, சுற்றிலும் கரும்பச்சையாக இருக்கும். அன்றைக்கே இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினால் செடி பிழைக்கும். ஓரத்தில் மருள், சோற்றுக்கற்றாழை மாதிரி தடித்த இலைச் செடி வைத்தால் தாங்கும். சோப்புத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் கொட்டுகிறார்களா என்றும் பாருங்கள், வாசல் கழுவுகிறவர்களிடம் சொல்லிவைத்தாலே தீரும். ஒரே உயரத்தில் இலை கருகியிருந்தால் பைக் சைலன்சர்.

இந்தக் காரணங்களுக்காகவே இங்கே கீரையும் துளசியும் வேண்டாம். வாயில் போடுவதற்கென்று எதையும் தெருவோர மண்ணில் வளர்க்காதீர்கள்.

செடி நெட்டையாக ஓடுகிறது, பூ இல்லை

நிழல் அதிகம். காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து வரை மணிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறியுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் விழுந்தால் நித்தியகல்யாணியும் டேபிள் ரோஸும் பூக்கும். இரண்டு முதல் நாலு என்றால் கனகாம்பரம், நந்தியாவட்டை, ஓரத்தில் பொடுதலை. பொடுதலை தரையோடு படரும், கொஞ்சம் மிதித்தாலும் தாங்கும், சிறு வண்ணத்துப்பூச்சிகள் அதன் பூவைத் தேடி வரும். இரண்டுக்குக் கீழே என்றால் பூவை மறந்துவிட்டு மருள், ரியோ (இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் செடி), ஈரமான இடமானால் வல்லாரை, அதுவும் பார்க்க மட்டும், பறித்துத் தின்ன அல்ல. வெளிச்சம் வேண்டுமென்று மரக்கிளையை வெட்டாதீர்கள், அனுமதியில்லாமல் வெட்டுவது சட்டப்படியும் தவறு. மணிபிளான்ட் கூடவே கூடாது. மரத்தில் ஏறிவிட்டால் இலை தட்டளவு பெருத்து, அடிமரத்தில் உள்ள வெடிப்பும் காளானும் தெரியாமல் மூடிவிடும்.

பூச்சிகள்

செம்பருத்தியிலும் பூவரசிலும் வெள்ளைப் பஞ்சுபோல் அப்பியிருப்பது மாவுப்பூச்சி. எறும்பு சாரை ஏறினால் அதுதான் பூச்சிக்குக் காவல். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிருங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 5 கிராம் காதி சோப்பு கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை. கடும் பூச்சிமருந்து வேண்டாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புகுந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் தாக்கியபோது, அதை அடக்கியது 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிதான். கண்மூடித்தனமாக மருந்தடித்தால் அந்த மாதிரிக் காவலாளிகள்தான் முதலில் சாவார்கள்.

அடிமரத்தில் கறையான் மண்பூச்சு ஏறியிருந்தால் தேங்காய் நார்ப் பிரஷால் தேய்த்து உதிருங்கள். பெரும்பாலும் அது செத்த மேல்பட்டையைத்தான் தின்னும். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் பூசுவது உயிருள்ள பட்டையைக் கொல்லும். சருகு மூடாக்கு அடிமரத்தைத் தொடுகிறதா என்று பார்த்து விலக்குங்கள். தேய்த்த இடத்தில் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டால், இந்தக் கட்டுரையின் முதல் அறிகுறிக்குப் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் இலையெல்லாம் காணாமல் போனால் ஆப்பிரிக்க நத்தை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். மனிதருக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதன் உடம்பில் இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். உப்பை மட்டும் மண்ணில் தூவ வேண்டாம்.

குப்பை, வண்டி, ஆடு

முழங்கால் உயர மூங்கில் தட்டி போதும். மரத்தில் ஆணி அடித்தோ கம்பி சுற்றியோ கட்டாமல், தட்டியைத் தனிக் குச்சியில் நிறுத்துங்கள். குச்சியை மூலைகளில் அரையடிக்கு மேல் இறக்காதீர்கள். ரோட்டுப் பக்கம் ஓரடி இடத்தைக் கல் பாவி விட்டுவிட்டால், கார்க் கதவு திறக்கிறவர் செடியில் கால் வைக்க மாட்டார். வெறும் மண்ணாக ஒரு சாண் இடம் தெரிந்தாலும் அங்கேதான் முதல் குப்பைப் பை விழும். செடி செத்த இடத்தை அன்றைக்கே சருகாலாவது மூடுங்கள். தெரு பெருக்கும் அக்காவிடம் அந்த மரத்தின் சருகை எரிக்காமல் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். வாரம் ஒரு சாக்கு கிடைத்தால் மூடாக்குக்கு வேறு எங்கும் போக வேண்டாம்.